மின்சாரத்துக்கு வழி, வெப்பத்துக்குத் தடை

புத்தளம் மாவட்டத்தின் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் போனால் நுரைச்சோலை வரும். இலங்கையின் ஒரே நிலக்கரி அனல்மின் நிலையமான லக்விஜய அங்கேதான் இருக்கிறது. 300 மெகாவாட் வீதம் மூன்று தொகுதிகள். முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. இப்படிப்பட்ட நிலையம் ஒன்றில், எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாக மாறும். மீதி, நீராவியைக் குளிர்விக்கும் கடல்நீரோடும் புகைபோக்கி வழியாகவும் வெளியேறிவிடும். 900 மெகாவாட் மின்சாரம் கம்பியில் ஏறும்போது 1,300 மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் கடலுக்கும் காற்றுக்கும் போகிறது.

அதே கரையில் சின்னச் சின்ன வெப்பங்களும் ஏராளம். திருவிழாவுக்கு வந்து மரநிழலில் தங்குபவர்கள் மூட்டும் அடுப்புகள், ஆலயத்தில் ஏற்றும் மெழுகுதிரிகள், படகு இயந்திரங்கள், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டார்கள். மணிக்கு 5 கிராம் மெழுகு எரியும் ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 60 வாட் வெப்பம் தருகிறது. ஓர் எல்.ஈ.டி. விளக்கு எரிய அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இந்த வெப்பத்தைக் கொதிகலனும் சுழலியும் இல்லாமல் நேரே மின்சாரமாக மாற்ற முடியுமா? முடியும் என்பது இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். எவ்வளவு மாறும் என்பது, சூட்டுக்கும் குளிருக்கும் இடையில் வைக்கும் பொருளைப் பொறுத்தது. கடந்த இருபது ஆண்டுகளாக அந்த இடத்துக்குப் பொலிமரும் காபன் நனோகுழாயும் போட்டியிடுகின்றன. மின்கம்பிக்கு உறையாகும் சாதாரணப் பொலிமர் மின்சாரத்தைக் கடத்தாது. தனி நனோகுழாயோ வெப்பத்தைச் செம்பைவிடப் பல மடங்கு விரைவாகக் கடத்திவிடும். தனித்தனியே இரண்டும் இந்த வேலைக்கு உதவாதவை, சேர்ந்ததும் உதவுகின்றன. அந்தத் தகுதி பிறப்பது அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில். இந்தப் பொருட்களை மேம்படுத்தும் முயற்சி முழுவதும், பார்க்கப்போனால், அந்தத் தொடுமிடங்களைச் செப்பனிடும் முயற்சிதான்.

சூடான முனையும் குளிர்ந்த முனையும்

1821இல் பேர்லினில் தோமஸ் சீபெக் என்ற அறிவியலாளர் பிஸ்மத், செம்பு ஆகிய இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு மூட்டை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது. வெப்பநிலை வேறுபாடு காந்தத்தைத் தோற்றுவிக்கிறது என்று அவர் கருதினார். வளையத்தில் மின்னோட்டம் ஓடுவதும், அந்த ஓட்டமே ஊசியைத் திருப்புவதும் பின்னர் தெளிவாயின.

இதை எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்து பார்க்கலாம். ஓர் இரும்புக் கம்பியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு செம்புக் கம்பியை முறுக்கி, ஒரு முறுக்கைக் கொதிநீரிலும் மற்றதைக் குழாய்த் தண்ணீரிலும் வைத்து, செம்பின் வெளிமுனைகளை மல்டிமீற்றரில் கொடுத்தால் ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் காட்டும். ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு மைக்ரோவோல்ட் என்ற கணக்கு அது.

காரணம் எளிது. சூடான முனையில் இலத்திரன்களுக்கு ஆற்றல் அதிகம். அவை குளிர்ந்த முனையை நோக்கிப் பரவுகின்றன. அங்கே இலத்திரன் சேரச்சேர எதிர்மின்னேற்றம் கூடி, மேலும் வருபவற்றைத் தள்ளத் தொடங்குகிறது. இரண்டும் சமப்படும் நிலையில் நிற்கும் மின்னழுத்தமே நமக்குக் கிடைப்பது. ஒரு பாகை வேறுபாட்டுக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்பதைச் சீபெக் குணகம் என்கிறார்கள். இலத்திரன் நிறைந்து கிடக்கும் உலோகங்களில் அது மிகச் சிறியது. குறைகடத்திகளில் நூறு, இருநூறு மைக்ரோவோல்ட் வரை போகும்.

ஆனால் அழுத்தம் மட்டும் போதாது. கிடைத்த அழுத்தத்தில் மின்னோட்டம் தடையின்றி ஓட வேண்டும். ஆகவே மின்கடத்துதிறன் உயர்வாக இருக்க வேண்டும். சூடான முனையின் வெப்பம் விரைந்து ஓடி மறுமுனையையும் சூடாக்கிவிடக் கூடாது. ஆகவே வெப்பக்கடத்துதிறன் தாழ்வாக இருக்க வேண்டும். சீபெக் குணகத்தின் வர்க்கத்தை மின்கடத்துதிறனால் பெருக்கி, வெப்பக்கடத்துதிறனால் வகுத்து, வெப்பநிலையால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு இசட்.டி. என்று பெயர். ஒரு பொருளின் தகுதியை அந்த ஒற்றை எண் சொல்லிவிடும்.

எண் எளிது, அதை உயர்த்துவது கடினம். மின்னேற்றக் காவிகளைக் கூட்டினால் மின்கடத்துதிறன் ஏறும், உடனே சீபெக் குணகம் இறங்கும். அதோடு, இலத்திரன்கள் தம்முடன் வெப்பத்தையும் சுமந்து செல்வதால் வெப்பக்கடத்துதிறனும் கூடும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும் என்று வீடமனும் ஃபிரான்ஸும் 1853இலேயே கண்டார்கள். அமெரிக்க இயற்பியலாளர் கிளென் ஸ்லாக் 1990களில் இலட்சியப் பொருளை ஒரே வரியில் வரையறுத்தார்: இலத்திரனுக்கு அது பளிங்காக இருக்க வேண்டும், வெப்ப அதிர்வுக்குக் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஒழுங்கான பளிங்கில் இலத்திரன் தடையின்றி ஓடும். ஒழுங்கற்ற கண்ணாடியில் அதிர்வு சிதறிப்போகும்.

தெலூரியத்தின் எல்லை

அந்த இலட்சியத்துக்கு ஓரளவு அருகில் வந்தது பிஸ்மத் தெலூரைட். 1954இல் இங்கிலாந்தில் ஜூலியன் கோல்ட்ஸ்மிட் இதன் திறனை நிறுவினார். அறை வெப்பநிலைக்கு அண்மையில் அதன் இசட்.டி. ஏறத்தாழ 1. இதே விளைவைத் தலைகீழாகப் பயன்படுத்தும் சிறிய குளிரூட்டும் பெட்டிகளிலும் லேசர்களைக் குளிர்விக்கும் தகடுகளிலும் இன்றுவரை அதுவே பயன்படுகிறது. மிக உயர்ந்த வெப்பநிலைக்கு சிலிக்கன்-ஜெர்மானியம் போன்றவை இருக்கின்றன. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்கள், புளூட்டோனியத்தின் வெப்பத்தை அந்தக் கலவையால் மின்சாரமாக்கிக்கொண்டு, சூரியக் குடும்பத்தின் கோள்களையெல்லாம் கடந்து அப்பால் பயணம் செய்கின்றன. அசையும் உறுப்பு எதுவும் இல்லாததே இந்த நீண்ட ஆயுளின் இரகசியம்.

தமிழ்நாட்டிலும் இந்தத் துறையில் வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இயங்கும் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் வாகன ஆற்றல் பொருட்கள் மையம், வாகனப் புகைக்குழாயில் வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருட்களை ஆராய்ந்து வருகிறது. நூற்றுக்கணக்கான பாகை சூடுள்ள அந்த இடம் கனிமப் பொருட்களுக்கு உரியது.

ஆனால் தெலூரியம் அரிய தனிமம். புவியோட்டில் தங்கத்தைவிடக் குறைவாகவே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். செம்பைச் சுத்திகரிக்கும்போது துணைவிளைவாகவே அது பெரும்பாலும் கிடைக்கிறது. பிஸ்மத் தெலூரைட் நொறுங்கும் தன்மை கொண்டது. வளைந்த குழாய் ஒன்றைச் சுற்றி அதைப் போர்த்த முடியாது. பரந்த பரப்பில், வளைந்த வடிவில், மலிவாக வேண்டும் என்றால் வேறு வழி தேட வேண்டும். அங்கேதான் காபன் வருகிறது.

கடத்தத் தொடங்கிய பொலிமர்

1977இல் ஹிடேகி ஷிரகாவா, அலன் மக்டியார்மிட், அலன் ஹீகர் மூவரும் பொலிஅசெற்றிலீன் என்ற பொலிமரை அயடீன் ஆவிக்கு உட்படுத்தி, அதன் மின்கடத்துதிறனை ஒரு கோடி மடங்கு அளவுக்கு உயர்த்திக் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டின் வேதியியல் நொபெல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பொலிமர்ச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும்போது இலத்திரன்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்கின்றன. அவற்றில் சிலவற்றை அயடீன் எடுத்துக்கொண்டதும் மீதியுள்ளவை நகர இடம் கிடைக்கிறது.

இப்படிப் பிறந்த கடத்தும் பொலிமர்களில் பொலிஅனிலீனும் பெடொட்டும், வெப்பத்தை நேரே மின்சாரமாக்கும் வெப்பமின் ஆய்வில் அதிகம் பேசப்படுபவை. பெடொட்டை நீரில் கரைக்க முடியாது. ஆகவே பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு பொலிமரோடு சேர்த்து நீரில் கலக்கிறார்கள். அந்த நீலக் கரைசலை மையாக அச்சிடலாம், தூரிகையால் பூசலாம்.

பொலிமரின் பெரிய வரம் அதன் வெப்பக்கடத்துதிறன். ஒழுங்கற்றுக் கிடக்கும் சங்கிலிகளில் வெப்ப அதிர்வு நெடுந்தூரம் போக முடியாது. பிஸ்மத் தெலூரைட்டின் வெப்பக்கடத்துதிறன் ஒன்றரை அலகு அளவில் என்றால், சாதாரணப் பொலிமரில் அது 0.2 அளவில். இங்கே அலகு என்பது ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, ஒரு வாட். அதாவது வெப்பத்தைத் தடுக்கும் பாதி வேலையைப் பொலிமர் இயல்பாகவே செய்துவிடுகிறது.

2011இல் சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஒல்கா பூப்னோவாவும் சேவியர் கிறிஸ்பினும் அவர்களது குழுவினரும் பெடொட்டின் காவி எண்ணிக்கையை ஆவியொன்றால் நுணுக்கமாகக் குறைத்து, இசட்.டி. 0.25 வரை கொண்டுவந்தனர். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெவின் பைப்பின் குழு, வேலை செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மிகுதி பி.எஸ்.எஸ். பொலிமரைக் கழுவி அகற்றி 0.42ஐ எட்டியது. சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் மேம்பாடு என்று இந்த வேலை காட்டியது. அதே பாடம் நனோகுழாயிலும் திரும்ப வந்தது.

உப்பளத்தின் வரம்பில் நடப்பது

காபன் நனோகுழாய் என்பது தேன்கூட்டு வலையாக அமைந்த காபன் தாளைக் குழலாகச் சுருட்டிய வடிவம். 1991இல் ஜப்பானின் என்.ஈ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா இலத்திரன் நுண்நோக்கியில் கண்டு வெளியிட்ட படங்கள் உலகத்தின் கவனத்தை இதன்மேல் திருப்பின. ஒற்றைச் சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஒரு நனோமீற்றர் அளவு. நமது தலைமயிரின் தடிப்பில் பல பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இலத்திரன் இந்தக் குழாயில் ஏறத்தாழ மோதலே இல்லாமல் ஓடுகிறது. வெப்பமும் அப்படித்தான் ஓடுகிறது. தனிக் குழாயொன்றின் வெப்பக்கடத்துதிறன் 3,000 அலகு அளவில் அளக்கப்பட்டிருக்கிறது. செம்பினுடையது 400. இசட்.டி. சமன்பாட்டில் அடியில் இருக்கும் எண் இத்தனை பெரிதானால் மேலே என்ன இருந்தும் பயனில்லை. 2000களின் நடுப்பகுதிவரை நனோகுழாயை வெப்பமின் பொருளாகப் பலர் பொருட்படுத்தாததற்கு இதுவே காரணம்.

2008இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சூங்ஹோ யூவும் ஜெய்ம் கிரன்லனும் வேறுவிதமாக யோசித்தனர். பொலிவினைல் அசற்றேற்று என்ற பொலிமரை நீரில் நுண்மணிகளாக மிதக்கவிட்டு, நனோகுழாய்களை அந்த நீரில் கலந்து உலரவிட்டார்கள். நீர் வற்றும்போது பொலிமர் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கின. மணிகளுக்குள் நனோகுழாய்கள் புக முடியாது. எனவே மணிகளுக்கு இடையிலிருந்த இடுக்குகளில் மட்டும் அவை நெருக்கமாக அடைபட்டன.

புத்தளத்து உப்பளத்தை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு விளங்கிவிடும். பரப்பின் பெரும்பகுதி பாத்திகள். நடக்கக்கூடிய இடம் அவற்றுக்கிடையிலான ஒடுங்கிய வரம்புகள். ஆனாலும் வரம்போடு வரம்பு சேர்வதால், ஒரு பாத்தியிலும் கால் வைக்காமல் உப்பளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடலாம். பொலிமர் மணிகள் பாத்திகள், நனோகுழாய்கள் வரம்புகள், இலத்திரன் நடப்பவர். குறைந்த அளவு நனோகுழாயே முழுப் பொருளையும் கடத்தியாக்கிவிடுகிறது.

எடையில் 20 வீதம் நனோகுழாய் சேர்த்தபோது மின்கடத்துதிறன் ஒரு மீற்றருக்கு 4,800 சீமன்ஸ் ஆனது. வெப்பக்கடத்துதிறனோ 0.34 அலகில் நின்றது. 3,000 எங்கே, 0.34 எங்கே! குழாய்களின் வெப்பக்கடத்துதிறன் முழுவதும் எங்கே மறைந்தது?

அது மூட்டுகளில் மறைந்தது. ஒரு குழாய் முடிந்து அடுத்த குழாய் தொடங்கும் இடத்தில் அவை வேதிப்பிணைப்பால் ஒட்டியிருப்பதில்லை. வலுக்குறைந்த ஈர்ப்பில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. வெப்பம் இந்தப் பொருட்களில் அணுக்களின் அதிர்வாகவே பெரும்பாலும் பயணம் செய்கிறது. விறைப்பான காபன் குழாயின் வேகமான அதிர்வு, இடையிலிருக்கும் மென்மையான பொலிமருக்குள் இறங்க முடியாமல் திருப்பி அனுப்பப்படுகிறது. இலத்திரனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு நனோமீற்றர் அளவான இடைவெளியைக் குவாண்டம் விதிப்படி அது ஊடுருவிக் கடந்துவிடும். ஒரே மூட்டு, மின்சாரத்துக்கு வழியாகவும் வெப்பத்துக்குத் தடையாகவும் ஆகிறது. ஸ்லாக் கேட்ட பளிங்கும் கண்ணாடியும் ஒரே பொருளில் அமைவதற்கான திறவுகோல் இது.

அந்த முதல் கலவையின் இசட்.டி. 0.006 அளவுதான். எண் சிறிதாக இருந்தாலும் பாதை திறந்துவிட்டது. அடுத்த படி, மூட்டில் கிடந்த கடத்தாப் பொலிமருக்குப் பதிலாகக் கடத்தும் பொலிமரை வைப்பது. 2010இல் அதே குழு பெடொட் கரைசலால் குழாய்களைப் பிரித்துக் கலவை செய்தபோது, மின்கடத்துதிறன் 40,000 சீமன்ஸ் அளவுக்கு ஏறியது; சீபெக் குணகம் பெரிதாக இறங்கவில்லை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற பழைய கட்டு இங்கே தளர்ந்தது.

பின்னர் கிரன்லனின் குழு கலப்பதை விட்டு அடுக்கத் தொடங்கியது. பொலிஅனிலீன், கிராபீன் என்ற சுருட்டப்படாத காபன் தாள், மறுபடி பொலிஅனிலீன், இரட்டைச் சுவர் நனோகுழாய் என்ற வரிசையில் கண்ணாடித் தகட்டை மாறிமாறித் தோய்த்து, நான்கு படைகள் கொண்ட அடுக்குகளை ஏற்றினார்கள். சீபெக் வர்க்கத்தையும் மின்கடத்துதிறனையும் பெருக்கி வரும் எண்ணுக்கு வலுக் காரணி என்று பெயர். 2015இல் அது 1,825 மைக்ரோவாட் அலகை எட்டியது. பெடொட்டும் சேர்ந்த 2016இன் அடுக்குகளில் 2,710 ஆனது. பிஸ்மத் தெலூரைட்டின் வலுக் காரணியும் இதே வரிசையிலான எண்தான். தட்டையான கிராபீனில் பொலிஅனிலீன் சங்கிலிகள் ஒழுங்காகப் படிந்து, நனோகுழாய்களை ஒன்றோடொன்று இணைத்ததே இந்த ஏற்றத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் காட்டிய காரணம்.

குழாயைத் தெரிந்தெடுத்தல்

காபன் தாளை எந்தக் கோணத்தில் சுருட்டினோம் என்பதைப் பொறுத்து நனோகுழாயின் குணமே மாறிவிடுகிறது. சாதாரண உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மையோடும், மூன்றில் இரண்டு பங்கு குறைகடத்தித் தன்மையோடும் பிறக்கின்றன. நல்ல சீபெக் குணகம் வேண்டுமென்றால் குறைகடத்திக் குழாய்கள் மட்டும் வேண்டும்.

பிரித்தெடுக்கும் வேலையைப் பொலிமரே செய்கிறது. 2007இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் ரொபின் நிக்கலஸின் குழு, பொலிஃபுளோரீன் வகைப் பொலிமர்கள் குறிப்பிட்ட குறைகடத்திக் குழாய்களை மட்டும் சுற்றிக்கொண்டு கரைசலில் மிதக்கவைப்பதைக் கண்டது. அந்த முறையைக் கையாண்டு, அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் ஜெஃப்ரி பிளாக்பர்னும் அன்ட்ரூ ஃபெர்குசனும் 2016இல் வலுக் காரணியை 340 வரை உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு, வேலை முடிந்ததும் தானே துண்டுதுண்டாகக் கழன்றுபோகும் பொலிமரைப் பயன்படுத்தி, குழாயும் குழாயும் நேரடியாகத் தொடும்படி விட்டபோது அந்த எண் ஏறத்தாழ இரட்டித்து 700 அளவுக்கு வந்தது. குழாயைப் பிரித்தெடுக்கும்வரை துணையாக இருந்த பொலிமர், அதன்பின் மூட்டில் தடையாக நின்றிருக்கிறது. எங்கே பொலிமர் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை நனோமீற்றர் அளவில் முடிவு செய்வதே இந்தத் துறையின் கைத்திறன்.

உப்பும் ஒட்சிசனும்

வெப்பமின் கருவி ஒன்றுக்கு இரண்டு கால்கள் தேவை. ஒன்றில் நேர்மின்னேற்றமும் மற்றதில் எதிர்மின்னேற்றமும் காவியாக இருக்க வேண்டும். இரண்டையும் மாறிமாறித் தொடராக இணைத்தால்தான் சின்ன அழுத்தங்கள் கூடிப் பயன்படும் அளவுக்கு வரும். காற்றில் வைத்த நனோகுழாய் எப்போதும் நேர் வகையாகவே நடந்துகொள்கிறது. அதன் மேற்பரப்பில் ஒட்டும் ஒட்சிசன் இலத்திரனைத் தன்பக்கம் இழுப்பதே காரணம் என்று 2000இல் பேர்க்கிலி ஆய்வாளர்கள் காட்டினார்கள். எதிர் வகையாக மாற்ற இலத்திரனைக் கொடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கலாம். ஆனால் பொலிஎதிலீனிமீன் போன்றவற்றைச் சேர்த்துச் செய்த எதிர் வகைக் குழாய்கள் காற்றில் நெடுநாள் நிலைப்பதில்லை. ஒட்சிசன் திரும்ப வந்து கொடுத்ததைப் பறித்துக்கொள்ளும்.

2016இல் ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் யோஷியுகி நொனொகுச்சியும் சகாக்களும் கண்டுபிடித்த தீர்வு, உப்பை அறிந்தவர்களை வியக்கவைக்கும். சோடியம் குளோரைட், சோடியம் ஐதரொட்சைட், பொற்றாசியம் ஐதரொட்சைட் போன்ற சாதாரண உப்புகளையும் காரங்களையும் கிரவுன் ஈதர் என்ற வளைய மூலக்கூறோடு சேர்த்தார்கள். அந்த வளையம் சோடியம் அல்லது பொற்றாசியம் அயனைத் தன் நடுவே பிடித்துவைக்கிறது. தனித்துவிடப்பட்ட எதிர் அயனிடமிருந்து இலத்திரன் நனோகுழாய்க்குப் போகிறது. வளையம் பிடித்த பெரிய நேர் அயன் குழாயின் அருகே நின்று அந்த எதிர்மின்னேற்றத்தை நிலைப்படுத்துகிறது. இப்படிச் செய்த குழாய்கள் 100 பாகை செல்சியஸிலும், காற்றில், ஒரு மாதத்துக்கு மேல் எதிர் வகையாகவே இருந்தன. இசட்.டி. 0.1 அளவில் இருந்தது. புத்தளம் உப்பளங்களில் குவிந்து கிடக்கும் அதே சோடியம் குளோரைட்டுக்கு, உயர்தொழில்நுட்பப் பொருளொன்றின் மின்குணத்தைத் தலைகீழாக மாற்றும் வேலையில் ஒரு பங்கு இருக்கிறது.

நமது கரையில் என்ன ஆகும்?

இத்தனை முன்னேற்றமும் நுரைச்சோலையின் 1,300 மெகாவாட் வெப்பத்தை மீட்டுவிடுமா? மீட்காது. காரணம் பொருளில் இல்லை. வெப்பத்தின் அளவைவிட வெப்பநிலை வேறுபாடே முக்கியம் என்று 1824இல் சாடி கார்னோ வகுத்த விதி எல்லா இயந்திரங்களையும் கட்டுப்படுத்துகிறது. குளிர்விக்கப் பயன்பட்டுக் கடலுக்குத் திரும்பும் நீர், கடலைவிடச் சில பாகைகளே சூடானது. எவ்வளவு பெரிய அளவில் இருந்தாலும் அதிலிருந்து மின்சாரம் பிழிய முடிவது சொற்பம்.

100 பாகை சூடான குழாயொன்றுக்கும் 30 பாகைக் காற்றுக்கும் இடையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். கார்னோவின் உச்ச எல்லை ஏறத்தாழ 19 வீதம். இசட்.டி. 1 உள்ள பொருள் 3.5 வீதத்தை மின்சாரமாக்கும். 0.1 உள்ள பொருள் அரை வீதம். உடற்சூட்டில் இயங்கும் கைக்கடிகாரம், சட்டை என்று அவ்வப்போது வரும் செய்திகளையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். உடல் 37 பாகை, காற்று 30 பாகை என்றால் உச்ச எல்லையே 2.3 வீதம்தான். சுவீடனின் பனிக்காலத்தில் 30, 40 பாகை வேறுபாடு கிடைக்கிறது. சித்திரை வெயிலில் புத்தளத்துக் கரையில் அந்த வேறுபாடு சில பாகைகளாகச் சுருங்கிவிடும். அங்கே பயன்படும் சட்டை இங்கே பயன்படாமல் போகலாம்.

அப்படியானால் இங்கே எதற்கு உதவும்? அளவான, தொடர்ச்சியான, நூறு பாகைக்குக் கிட்டிய சூட்டுக்கு. இயந்திரங்களின் உடல், நீராவிக் குழாயின் காப்புறை, மோட்டார்களின் தாங்கிகள் என்று அத்தகைய பரப்புகள் ஒரு மின் நிலையத்திலும் தொழிற்சாலையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். பத்துச் சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள ஒரு போர்வையை அவற்றில் ஒன்றின்மேல் சுற்றினால், காற்று ஒரு சதுர மீற்றருக்கு ஒரு பாகைக்குப் பத்து வாட் எடுத்துச்செல்லும் என்று வைத்துக்கொண்டு, வேறுபாட்டில் பாதி பொருளின் குறுக்கே நின்றால், இசட்.டி. 0.1லேயே சில மில்லிவாட் கிடைக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் அதிர்வையும் அளந்து கம்பியின்றி அனுப்பும் உணரிக்கு அது போதும். மின்கலம் மாற்றத் தேவையில்லை. கம்பி இழுக்கத் தேவையில்லை. ஒரு தாங்கி பழுதடைவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்தால் மிச்சமாகும் ஆற்றல், அந்தப் போர்வை தரும் ஆற்றலைவிடப் பல மடங்கு.

இலங்கைக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. போகலயிலும் கஹட்டகஹவிலும் நரம்பாக ஓடும் காரீயம் (கிராஃபைட்) உலகின் மிகத் தூய காரீய வகைகளில் ஒன்று. 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனம், ஹோமாகமவில் அந்தக் காரீயத்திலிருந்து கிராபீன் செய்யும் முறைகளை வளர்த்திருக்கிறது. நனோகுழாய் காரீயத்தைத் தோண்டி எடுப்பதல்ல. பெரும்பாலும் ஐதரோகாபன் வாயுவை இரும்பு போன்ற உலோகத் துணுக்குகளின்மேல் சிதைத்து வளர்ப்பது. ஆனால் 2015, 2016இன் அடுக்குகளில் நனோகுழாய்க்கு அடுத்தபடியாக இருந்தது கிராபீன். அந்தப் படையில் நமது காரீயத்துக்கு இடம் இருக்கிறது.

இன்னும் தீராத கணக்கு

இந்தத் துறையின் எண்களை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, எந்தத் திசையில் அளந்தார்கள்? மெல்லிய படலத்தில் சங்கிலிகளும் குழாய்களும் படுத்துக் கிடக்கின்றன. படலத்தின் நீளவாக்கில் மின்சாரம் நன்றாக ஓடும். வெப்பமும் நன்றாகவே ஓடும். மின்கடத்துதிறனை நீளவாக்கிலும், வெப்பக்கடத்துதிறனைக் குறுக்குவாக்கிலும் அளந்து வகுத்தால் இசட்.டி. இல்லாத உயரத்துக்குப் போய்விடும். வலுக் காரணியை மட்டும் சொல்லி வெப்பக்கடத்துதிறனைச் சொல்லாத எண்ணும் பாதிக் கதைதான். இரண்டாவது, எதிர் வகைக் கால் இருக்கிறதா? ஒற்றைக் காலின் சாதனை கருவியாக மாறாது.

மூன்றாவது கேள்வி நமது கரைக்கே உரியது: ஈரக் காற்றில் எத்தனை நாள் நிற்கும்? பி.எஸ்.எஸ். பொலிமர் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான படலத்தில் இலத்திரனோடு அயன்களும் நகரத் தொடங்குவதால், சீபெக் குணகம் முதலில் வியக்கத்தக்க உயரத்தைக் காட்டும். அயன்கள் மின்முனையைக் கடந்து சுற்றுக்குள் போக முடியாது. முனையில் குவிந்து நின்றுவிடும். எனவே அந்த அழுத்தம் சிறிது நேரத்தில் வடிந்துபோகும். வறண்ட ஆய்வகத்தில் அளந்த எண்ணும், ஈரத்தில் அவசரமாக அளந்த எண்ணும் தலவில போன்ற கரையில் வைத்த கருவியின் எண்ணாக இராது. உப்புத் துளிகள் கலந்த காற்று மின்முனைகளையும் அரிக்கும்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை காண்பதற்கு விலையுயர்ந்த நுண்நோக்கி தேவையில்லை. ஒரே படலத்தில், ஒரே திசையில், மூன்று கணியங்களையும் அளந்து, அதைக் கடற்காற்றில் மாதக்கணக்கில் வைத்து, திரும்பத் திரும்ப அளக்கும் பொறுமை வேண்டும். குளிர்நாட்டு ஆய்வகங்கள் செயற்கை அறைக்குள் உருவாக்க வேண்டிய ஈரமும் உப்பும் சூடும் நமக்கு வெளியிலேயே இருக்கின்றன. மூட்டுக்குள் நீர்மூலக்கூறு புகுந்தபின்னும் இலத்திரனுக்கு வழிவிட்டு வெப்பத்தைத் தடுக்கும் ஒரு கலவையை இந்தக் கரையில் சோதித்துக் காட்டினால், அது வெப்பமண்டலக் கடற்கரைகள் எல்லாவற்றுக்கும் பயன்படும். இலங்கையின் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இன்றே தொடங்கக்கூடிய ஆய்வு அது.